தெர்மாகோலில் ஒரு கற்பாலம்

ஷேர் ஆட்டோவில் ஏறினால் இறங்க வேண்டிய இடத்தில் நான் இறங்கியது குறைவு. கள்ளிக்குப்பம் வளைவு வரும்போது "நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்துவிடுவேன். அதற்குள் வளைவு போய்விடும். அடுத்த நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்குவார்கள். நானும் அங்கே இறங்கத்தான் வந்தவன் போல இறங்கி, சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, திரும்பி நடப்பேன். இப்படி நடந்த தூரத்தையெல்லாம் சேர்த்திருந்தால் திருப்பதிக்குப் பாதயாத்திரையாவது போய் வந்திருக்கலாம்.

என் படிப்பு நின்றதும் இந்தத் தொண்டையால்தான். ஐந்தாவது வரைக்கும் எங்கள் தெருவிலேயே பள்ளிக்கூடம் இருந்தது. ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடம். அங்கே பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்று உரக்கச் சொல்ல வேண்டும். நான் உள்ளேதான் இருந்தேன். சொல்லத்தான் வரவில்லை. கொஞ்ச நாளில் வராதவன் என்று பெயரை அடித்துவிட்டார்கள். வயல் வேலையை விட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் அப்பா, "இவனுக்குப் படிப்பு ஏறல" என்று ஒரு பந்தல்காரரிடம் சேர்த்துவிட்டார்.

அதுவே எனக்குப் பொருந்திய தொழிலாகிவிட்டது. கல்யாண மேடை அலங்காரம். மண்டபத்தில் எல்லோரும் மேடையின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அதன் முதுகுப்பக்கம் இருப்பேன். பிள்ளையார், மயில், அன்னம், தேர் எல்லாம் தெர்மாகோலில் அறுத்து, பெயின்ட் அடித்து நிற்க வைப்பேன். அவை எனக்குப் பதிலாகச் சபையில் நிற்கும். வாடிக்கையாளர்களிடம் பேசுவது என் மனைவி. எங்கள் தொழிலுக்கு வாய் அவள், கை நான். எங்கள் கல்யாணப் படங்களில்கூட நான் குனிந்தே இருக்கிறேன். "தாலி கட்டினது யாருன்னு அந்தத் தலப்பாகையக் கேட்டாத்தான் தெரியும்" என்று அவள் இன்றும் சொல்வாள்.

எங்கள் மகள் அம்மாவைப் போல. டிப்ளமோ முடித்து, பூந்தமல்லி தாண்டி ஒரு கொரியக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். பயிற்சிக்கென்று அவளைக் கொரியாவுக்கே அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனில் கூப்பிட்டு, கேமராவைத் திருப்பிக் காட்டினாள்.

"நைனா, இத்தப் பாரு. இன்னா தெரியுது?"

"படிக்கட்டு."

"படிக்கட்டு இல்ல. பாலம்."

"தண்ணி எங்க?"

"முன்ன அடியில தண்ணி ஓடிச்சாம். இது பழைய புத்தர் கோயிலு நைனா. இந்தப் பக்கம் நம்ம ஒலகம், மேல புத்தரோட ஒலகம். நடுவுல இந்தப் பாலம். ஆயிரம் வருசத்துக்கு மேல ஆவுதாம்."

பார்த்தேன். சரிவாக ஏறும் கற்படிகள், இருபுறமும் கல்லில் கைப்பிடி, அடியில் ஒரு வளைவு. சுண்ணாம்பு தெரியாமல் கல்லோடு கல்லைக் கவ்வ வைத்திருந்தார்கள். ஒவ்வொரு படியிலும் தாமரை இதழ்கள் செதுக்கப்பட்டிருந்தன. அத்தனை காலம் அத்தனை பேர் நடந்ததில் தேய்ந்து, இதழ் இருக்கிறதா இல்லையா என்று சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்படி இருந்தன. இப்போது குறுக்கே கயிறு கட்டிவிட்டார்களாம். எல்லோரும் பக்கவாட்டு வழியாகச் சுற்றித்தான் மேலே போக வேண்டும்.

"ஒரு காலு வெச்சேன் நைனா. ஒரே ஒரு காலு. காவலுக்கு நின்னவரு விசில் ஊதிட்டாரு."

"அப்பறம்?"

"இன்னா அப்பறம், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சிரிச்சிகினே எறங்கிட்டேன். ஆனா ஆசையா இருந்துச்சு நைனா."

அம்பத்தூரில் உட்கார்ந்திருந்த எனக்கு வியர்த்தது. எனக்கு விசில் ஊதியிருந்தால் நான் அந்தக் கல் இடுக்கிலேயே புகுந்து பாசியாகியிருப்பேன்.

திரும்பி வந்ததும் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஆவடிக்காரர். தாயில்லாப் பிள்ளை. அத்தைதான் வளர்த்தவர். அந்த வீட்டில் அத்தை சொன்னால் மின்விசிறிகூட நிற்கும் என்று பேச்சு. மகள் அத்தையைப் பார்த்துவிட்டு வந்து, "நல்லவங்கதாம்மா. ஆனா மொதல் நாளே மொறச்சிக்கக் கூடாது" என்று தன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"நைனா, மேடைக்கு ஏற எனக்கு அந்தப் பாலம் வேணும். சைடு படியெல்லாம் மூடிடு. நான் அதுமேல நடந்துதான் போவேன். இங்க விசில் ஊத ஆளு இல்லல்ல?"

"சரி" என்றேன்.

"நீயும் பின்னாடி ஒளிஞ்சிக்கக் கூடாது. மேல வந்து எங்கூட நிக்கணும்."

அதற்கு நான் தும்மினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

வேலை தொடங்கியது. சவுக்குக் கட்டையில் சட்டம், அதன்மேல் பிளைவுட், அதன்மேல் கெட்டி ரகத் தெர்மாகோல். சூடான கம்பியால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசையில் நனைத்த காடாத் துணியை ஒட்டினால் ஆள் நடந்தாலும் தாங்கும். மகள் படத்தைக் கையில் கொடுத்துவிட்டுத் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "சாம்பல் கலர்லயே வுடு. தேஞ்ச மாதிரியே இருக்கட்டும். அதான் அழகு."

நான் தலையாட்டினேன். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பூப்பூவாகச் செய்தவனின் கை தேய்ந்த பூவைச் செய்ய மாட்டேன் என்றது. கல்யாண மேடையில் சாம்பல் நிறமா? மங்கலமான நாளில் மழுங்கிப்போன பூவா? அந்தக் காலத்துச் சிற்பி இன்று இருந்தால் அவனே பெயின்ட் டப்பாவோடு வந்து நிற்பான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இதழ்களை ஆழமாக அறுத்தேன். நல்ல ரோஸ் நிறம் அடித்தேன். ஓரத்துக்குத் தங்கநிறம். நடுவில் மஞ்சள் மகரந்தம்கூட வைத்தேன். கல்லில் இல்லாததையெல்லாம் வைத்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா இது? அவ சாம்பல்னு சொன்னா, நீ ரோஸ் அடிச்சி வெச்சிகினுகீறே?"

"கல்யாணம்" என்றேன். எனக்கு அது நீண்ட பேச்சு.

இன்னொரு காரியமும் செய்தேன். பாலத்தின் அடியில் வளைவு இருக்கிறது அல்லவா, அதை ஓர் ஆள் சம்மணமிட்டு உட்காரும் உயரத்துக்கு வைத்தேன். எந்த ஆள் என்று சொல்ல வேண்டியதில்லை. "முட்டுக்கட்டைங்கள யாராவது உள்ள இருந்து பாத்துக்கணும்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வளைவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவள் திட்டுவதைவிட அது மோசம்.

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரத்து மண்டபம். முகூர்த்தத்தன்று காலையில், பட்டு வேட்டி சட்டையோடு, நெற்றியில் சந்தனத்தோடு, பெண்ணைப் பெற்றவன் பாலத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். ஐயர் மட்டும் நான் வழக்கமாகப் பயன்படுத்தும் பின்பக்க ஏணி வழியாக முன்பே ஏறி, ஹோமத்துக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். பாலத்தில் முதல் கால் கல்யாணக் கோஷ்டியின் காலாக இருக்கட்டும் என்று மகள் சொல்லியிருந்தாள்.

வளைவின் வழியாக எனக்குத் தெரிந்தது கால்கள் மட்டும்தான். மேளம் கிட்ட வந்தது. மாப்பிள்ளையின் கால்கள். முன்னால் தடித்த மெட்டி போட்ட கால்கள், அத்தை. அவை முதல் படிக்கு வந்தன. நின்றன. பின்வாங்கின.

"நில்லுங்க! யாரும் கால வெக்காதீங்க!"

"இன்னா அத்தே?"

"இன்னாவா? கண்ணு பொடனிலயா கீது? தாமரைடா! லச்சுமி ஒக்கார்ற எடம். அத்த மெதிச்சிகினா போய்க் கண்ணாலம் கட்டப் போறே?"

"அது டெகரேசன் அத்தே."

"கோபுரத்துல கீற பொம்மைங்ககூட டெகரேசன்தான். போய் மெதிச்சிட்டு வா பாப்போம்."

"மச்சான், பாயின்ட்டுதான்டா" என்றது மாப்பிள்ளைத் தோழனின் குரல்.

அத்தையின் கை கீழே இறங்கியது. என் தாமரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் இருந்த பெண்கள் சும்மா இருப்பார்களா? தட்டிலிருந்த மஞ்சளும் குங்குமமும் படிக்குப் படி விழுந்தன. யாரோ தலையிலிருந்த மல்லிகையைக் கிள்ளி வைத்தார்கள்.

"அய்யே, இப்பத்தான் பூத்த மாதிரியே கீதுக்கா!"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் என் வேலையை யாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டதில்லை. கல்யாணம் முடிந்ததும் காலால் தள்ளி வண்டியில் ஏற்றுவதைத்தான் பார்த்திருக்கிறேன். இருட்டில் உட்கார்ந்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். மகளை அந்த நிமிடம் சுத்தமாக மறந்திருந்தேன். சாம்பல் பூசியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காத பூ அது என்பதும் உறைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மகளின் கம்பெனியிலிருந்து கொரிய அதிகாரி வந்து சேர்ந்தார். பளபளக்கும் கருப்பு ஷூ. யாரோ அவருக்கு, "சார், நீங்க ஏறுங்க சார்" என்று படியைக் காட்டியிருக்க வேண்டும். அந்த ஷூக்கள் அவசரமாகப் பின்வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து நின்றன. அவர் குனிந்து வணங்கியபோது அவருடைய டை என் வளைவுக்கு முன்னால் ஊசலாடியது. அவருக்கு அது எந்தப் பாலம் என்று தெரிந்துவிட்டது போல. ரோஸ் நிறத்தையும் மீறி.

"பாத்தியா?" என்றார் அத்தை. "வெளிநாட்டுக்காரரே கால் வெக்கல. நம்ம ஆளுங்களுக்குத்தான் புத்தி இல்ல."

மேலிருந்து ஐயர், "நாழி ஆயிண்டிருக்கு. எந்த வழியா வேணும்னாலும் வாங்கோ, எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார்.

பக்கவாட்டுப் படிகளை நானே பலகை வைத்து ஆணி அடித்து மூடியிருந்தேன். மீதி இருந்தது பின்பக்க ஏணி. பாத்திரம் கழுவும் இடத்தைத் தாண்டி, எச்சில் தண்ணீர் ஓடும் வாய்க்காலைத் தாண்டிப் போக வேண்டும். மண்டப மேலாளர் அதைச் சொன்னார்.

பிறகு மருதாணி வைத்த கால்கள் வந்து முதல் படிக்கு முன்னால் நின்றன. என் மகள். வலது கால் விரல்கள் தரையிலிருந்து லேசாக எழும்பின.

அத்தையின் குரல் இப்போது இளகியிருந்தது. "கண்ணு, நீ எங்கூட்டுக்கு வெளக்கேத்த வர்ற பொண்ணு. தாமரைய மெதிச்சிகினு வரலாமா? பின்னாடி ஏணி கீதாம். பொடவையத் தூக்கிப் புடிச்சிகினு மெதுவா ஏறிடலாம். நான் கூட வர்றேன்."

எதற்கும் பதில் வைத்திருப்பவள் என் மகள். மண்டபத்தில் உள்ள அத்தனை பேரையும் பேசிச் சமாளிப்பாள். ஆனால் மாப்பிள்ளையை வளர்த்தவரோடு முதல் நாளே மல்லுக்கு நிற்கக் கூடாதே. எழும்பிய விரல்கள் தரையில் படிந்தன.

"சரி அத்தே."

கொரியாவில் ஊதிய விசில் எனக்கு அப்போதுதான் கேட்டது.

"தா, போறதுக்கு மின்ன ஒரு கப்பூரம் ஏத்திடலாம்" என்றார் அத்தை. முதல் படியில் கற்பூரக் கட்டியை வைத்தார். தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது.

தெர்மாகோல்! பெயின்ட்! பசை! மேலே என் மாப்பிள்ளை கட்டப்போகும் தாலி, கீழே நான்!

"நிறுத்துங்க!"

கள்ளிக்குப்பம் வளைவில் வராத சொல், இத்தனை வருஷமாகத் தொண்டையில் சேர்த்து வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. நாதஸ்வரக்காரர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று வாசிப்பதை நிறுத்திவிட்டார். தவில்காரரும் நிறுத்தினார். மண்டபத்தில் அப்படி ஓர் அமைதி. அந்த அமைதிக்குள் நான் வளைவிலிருந்து தலையை முதலில் நீட்டி, முழங்கையால் ஊன்றி, ஆணியில் மாட்டிய வேட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தலையெல்லாம் தெர்மாகோல் பொட்டுகள்.

அத்தை கையில் எரியும் குச்சியோடு என்னைப் பார்த்தார்.

"சம்மந்தி! நீ அடியில இன்னா பண்ணிகினுகீறே?"

இதற்கு இன்றுவரை நல்ல பதில் தோன்றவில்லை.

"கப்பூரம் வேணாம்... தெர்மாகோலு... பத்திக்கும்" என்றேன்.

குச்சியை ஊதி அணைத்தார். "சரி, கப்பூரம் வேணாம். அதுக்குன்னு மெதிக்கலாமா?"

"நான் செஞ்சதுதான்... இது மேல ஒக்காந்துதான் செஞ்சேன்."

யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. "மண்ண மெதிச்சுத்தான் புள்ளையாரு செய்யறாங்க. செஞ்சி முடிச்சப்பறம் மெதிப்பாங்களா?"

 நியாயமான கேள்வி. நானே அத்தை கட்சிக்குப் போய்விடலாமா என்றிருந்தது. அப்போது மகள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, கோபப்படவில்லை. அந்தக் காவல்காரர் விசில் ஊதியபோது எப்படிச் சிரித்திருப்பாளோ, அப்படிச் சிரித்தாள். பரவாயில்லை என்கிற சிரிப்பு.

நான் முதல் தாமரையில் காலை வைத்தேன்.

தைரியம் என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். பாதி உண்மை. மீதி என்னவென்றால், கீழே மண்டபம் முழுக்க முகங்கள். மேலே ஐயர் ஒருவர்தான். அவரும் நெய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளில்லாத பக்கமாக ஓடினேன், அவ்வளவுதான். இரண்டாவது தாமரை. மூன்றாவது தாமரையில் 'டப்' என்று ஒரு சத்தம். கெட்டி ரகம் தீர்ந்துபோய், யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்த இடத்தில் மட்டும் லேசான ரகத்தை ஒட்டியிருந்தேன். என் குதிகால் இறங்கிவிட்டது. இழுத்தேன், வரவில்லை. காடாத் துணி கணுக்காலைப் பிடித்துக்கொண்டது.

பாலத்தின் நடுவில், சபைக்கு நேராக, நான். வீடியோக்காரர் பெரிய விளக்கை என் முகத்துக்குத் திருப்பினார்.

"அய்யய்யே, மெதிச்சிட்டாரே!" அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். படியில் வைத்த கற்பூரக் கட்டியை எடுத்துத் தட்டில் போட்டார்.  பிறகு பெருமூச்சு விட்டார்.

"சரி வுடு. பாவம்னா மொதல்ல மெதிச்சவனுக்குத்தான். பொண்ணப் பெத்தவரு, அவரே ஏத்துக்கினாரு. இனி யாரு மெதிச்சாலும் தோசம் இல்ல. வாங்கடி!"

"இது எந்த சாஸ்திரம் அத்தே?" என்றார் மாப்பிள்ளை.

"இப்பத்தான சொன்னேன், காதுல வுழல?"

மேளம் தொடங்கியது. என் தலையில் பாவத்தை இறக்கி வைத்த நிம்மதியோடு எல்லோரும் ஏறினார்கள். மாட்டிக்கொண்ட என்னை, ஆற்று நடுவில் இருக்கும் பாறையைச் சுற்றித் தண்ணீர் போவது போலச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளைத் தோழன், "மாஸ் மாமே!" என்று தோளில் தட்டியதில் இன்னும் கொஞ்சம் இறங்கினேன். கொரிய அதிகாரி மட்டும் கடைசிவரை ஏறவில்லை. கீழேயே நின்று கைதட்டினார்.

மகள் வந்தாள். ஒரு தாமரையையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, நின்று, பிறகுதான் அடுத்தது. என் படிக்கு வந்ததும் நின்றாள்.

"மேல வந்து நில்லுன்னா பாதியிலயே நின்னுகினுகீறியே நைனா."

"மாட்டிக்கிச்சி."

குனிந்தாள். கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகளாலும் என் கணுக்காலைப் பிடித்து அசைத்து, துணியைக் கிழித்து, குதிகாலை வெளியே எடுத்தாள். அதைத்தான் வீடியோக்காரர் படமெடுத்துவிட்டார். கல்யாண ஆல்பத்தில் முழுப்பக்கத்துக்கு வந்திருக்கிறது: பாலத்தின் நடுவில் தந்தையின் பாதம் பணியும் மணப்பெண். பார்ப்பவர்கள் கண் கலங்குகிறார்கள். என் முகத்திலும் அப்படியோர் உருக்கம் தெரிகிறது. அது கணுக்கால் வலி.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். மீதிப் படிகளைச் சேர்ந்தே ஏறினோம். யாரும் விசில் ஊதவில்லை. தாலி கட்டும்போது நான் மேடைமேல், முன்பக்கம்தான் நின்றேன். மனைவி என் தலையிலிருந்து தெர்மாகோல் பொட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பாலத்தைப் பிரிக்கப் போனபோது அத்தை ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து நின்றார். மிதிபட்ட தாமரையைக் குப்பையில் போடக் கூடாது, ஒன்றையாவது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். நல்லதாக இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதை ஒதுக்கிவிட்டுப் பள்ளம் விழுந்ததைத் தூக்கிக்கொண்டார்.

மறுவீட்டு விருந்துக்கு ஆவடிக்குப் போனோம். பூஜை அலமாரியில் சாமி படங்களுக்கு நடுவில் அது இருந்தது. பள்ளத்தில் மஞ்சள், குங்குமம், நிறைய செவ்வரளி. அத்தை விபூதித் தட்டை நீட்டி, "கும்புடுங்க சம்மந்தி" என்றார்.

நான் தயங்கினேன். அது என் குதிகால் என்று எப்படிச் சொல்வது?

"தெரியும், தெரியும். உன் காலுதான்" என்றார் அத்தை. "பள்ளமா கீதா, பூ வெக்க வாகா கீது. அதான் இத்த எடுத்தாந்தேன். கும்புடு."

மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கைகூப்பினேன்.

திரும்பும்போது மனைவியை மகள் வீட்டிலேயே இருத்திக்கொண்டார்கள். தனியாக ஷேர் ஆட்டோவில் வந்தேன். கள்ளிக்குப்பம் வளைவு வந்தது. போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெண்மணி இறங்கினார். நானும் இறங்கி, சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, திரும்பி நடந்தேன்.